கரிக்குப் பின்னால் ஒரு காடு



ஞாயிறு காலை சமய வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு நான் உதவி ஆசிரியை. சில மாதங்களுக்கு முன்பு ‘இயற்கையைப் போற்றுவோம்’ என்று ஒரு பாடம் நடத்தினேன். ‘மரம் நடுவது புண்ணியம், மரம் வெட்டுவது பாவம்’ என்று வெண்பலகையில் பெரிதாக எழுதிவிட்டுத் திரும்பினால், முன்வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கிக்கொண்டிருந்தான். ஒன்பது வயது இருக்கும்.

“அக்கா, மரம் வெட்டினா பாவம்னா, சாம்பிராணி போடுற கரி எப்படி வருது?”

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, “அது காய்ஞ்சு விழுந்த மரத்துலேருந்து செய்றதுப்பா” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். உண்மையில் எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு வாயில் வந்ததைச் சொன்னேன். அன்று பூசையில் தூபக்காலைக் கையில் வாங்கியபோது, சிவந்து கனன்ற அந்தக் கரித்துண்டைப் பார்க்கவே கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

அதே பருவத்தில் பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு ஓர் இடுபணி கொடுத்தார்கள். நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. நிலக்கரி பரவலாக வருவதற்கு முன்பு மனிதன் இரும்பை எப்படி எடுத்தான் என்பது தலைப்பு. நான் இடைக்கால இங்கிலாந்தை எடுத்துக்கொண்டேன். அங்கே 800, 900 வருடங்களுக்கு முந்தைய நிலக் கணக்கும் காட்டுச் சட்டமும் எழுத்தில் இருக்கின்றன, அதனால் படிப்பது சுலபம் என்று நினைத்தேன். இரும்பைத் தேடிப் போன எனக்கு அந்தப் பையனுக்கான பதிலும் சேர்ந்தே கிடைத்தது. அதைத்தான் இந்தப் பாடத்தில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கரி என்றால் என்ன?

விறகைக் காற்றோட்டமாக எரித்தால் கடைசியில் மிஞ்சுவது சாம்பல். அதே விறகைக் காற்று போகாமல் மூடிவைத்துச் சூடாக்கினால் மிஞ்சுவது கரி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காற்று மட்டும்தான்.

விறகு சூடேறும்போது முதலில் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகிப் போகிறது. வெப்பம் ஏறக்குறைய 270, 280 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மரத்தின் நாரும் பிசினும் உடைந்து, வாயுவாகவும் தாராகவும் வெளியேறத் தொடங்கும். இந்தக் கட்டத்தில் விறகு தானாகவே வெப்பத்தை வெளியிடும். 400, 500 டிகிரிக்குப் போய்ச் சேரும்போது உள்ளே பெரும்பாலும் கரிமம் மட்டுமே இருக்கும். மரத்தின் வடிவம் அப்படியே இருக்கும், ஆண்டு வளையங்களைக்கூட எண்ணலாம். எடை மட்டும் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும்.

அந்தக் கட்டத்தில் காற்று உள்ளே புகுந்தால் என்ன ஆகும்? கரியே தீப்பிடிக்கும். பல நாள் உழைப்பு சாம்பலாகிவிடும். கரி சுடுபவரின் மொத்தத் திறமையும் இந்தக் காற்றை அடக்குவதில்தான் இருக்கிறது.

மூட்டம் போடுவது

தமிழில் இதற்கு ‘மூட்டம்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. கரிமூட்டம் போடுவது என்பார்கள். இடைக்கால ஐரோப்பாவில் குழி வெட்டியும் கரி சுட்டிருக்கிறார்கள், தரைமேல் மேடாக அடுக்கியும் சுட்டிருக்கிறார்கள். மேடாக அடுக்கும் முறையைப் பார்ப்போம்.

குளிர்காலத்தில், இலை உதிர்ந்த பிறகு மரம் வெட்டுவார்கள். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத் துண்டுகளாக நறுக்கி, சில மாதங்கள் காயவிடுவார்கள். வெயில்காலம் வந்ததும் காட்டுக்குள்ளேயே ஓர் இடத்தை வட்டமாகச் சமப்படுத்தி, நடுவில் ஒரு கம்பை நடுவார்கள். அந்தக் கம்பைச் சுற்றி விறகைச் சாய்த்துச் சாய்த்து அடுக்கினால் ஒரு குவிமாடம் மாதிரி வரும். அதன்மேல் இலைதழை, காய்ந்த புல், அதற்கும் மேல் ஈரமண். காற்று புகாதபடி முழுவதும் மூடியதும், நடுக்கம்பை உருவி எடுத்துவிடுவார்கள். அந்த ஓட்டைதான் புகைபோக்கி. அதன் வழியாகக் கொஞ்சம் தணலை உள்ளே போட்டு, தீ பிடித்ததும் வாயை அடைத்துவிடுவார்கள்.

அதற்குப் பிறகு காவல். சின்ன மூட்டம் என்றால் இரண்டு மூன்று நாள், பெரிய மூட்டம் என்றால் ஒன்றிரண்டு வாரம். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது. புகைதான் செய்தி சொல்லும். முதலில் வருவது வெள்ளைப் புகை, அது பெரும்பாலும் நீராவி. பிறகு புகை மஞ்சளாகிக் கனக்கும். கடைசியில் நீலமாக, மெலிதாக மாறினால் கரி தயார் என்று அர்த்தம். காற்று ஒரு பக்கமாக வீசினால் அந்தப் பக்கம் தட்டி கட்டி மறைக்க வேண்டும். விறகு சுருங்கச் சுருங்க மேல்மண் வெடிக்கும். வெடித்த இடத்தை உடனே மண் போட்டு அடைக்க வேண்டும், இரவானாலும் சரி, மழையானாலும் சரி.

அதனால் கரி சுடுபவர் மூட்டத்துக்குப் பக்கத்திலேயே குடிசை போட்டுத் தங்குவார். சிலர் ஒற்றைக்கால் முக்காலியில் உட்கார்ந்து காவல் காத்தார்கள் என்று சொல்வார்கள். கண் அசந்தால் கீழே விழுந்து விழித்துக்கொள்ளலாம் அல்லவா! (தேர்வுக்கு முதல் நாள் படிக்கிற நமக்கு இது பயன்படலாம்.)

வெந்து முடிந்தாலும் உடனே திறக்க முடியாது. சூடான கரியில் காற்று பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். ஆறும்வரை பொறுத்திருந்து, தண்ணீர் தெளித்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிரிக்க வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு?

ஒரு பொறியியல் மாணவியாக எனக்கு முதலில் இதுதான் புரியவில்லை. கணக்கைப் பாருங்கள். நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 18 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. 100 கிலோ விறகென்றால் 1,800 மெகாஜூல். மண் மூட்டத்தில் சுட்டால் 15 முதல் 20 கிலோ கரி கிடைக்கும். கரியில் கிலோவுக்குச் சுமார் 30 மெகாஜூல். 20 கிலோ கிடைத்தால்கூட மொத்தம் 600 மெகாஜூல்தான். அதாவது மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல் புகையாகப் போய்விட்டது! இது நஷ்ட வியாபாரம் இல்லையா?

நஷ்டம்தான். ஆனாலும் அவர்களுக்கு வேறு வழி இல்லை. இரும்புத் தாதை இரும்பாக்க இரண்டு விஷயங்கள் வேண்டும். ஒன்று, 1,200 டிகிரி அளவில் நிலையான வெப்பம். ஈரமும் புகையும் உள்ள விறகில் அந்தச் சூட்டைப் பிடித்துவைப்பது கடினம். கரி அடுக்கித் துருத்தி ஊதினால் முடியும். இரண்டாவது இன்னும் முக்கியம். தாதில் இரும்போடு ஆக்ஸிஜன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கரி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு அந்த ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொண்டு, கார்பன் டை ஆக்சைடாக வெளியே போகிறது. இரும்பு மிஞ்சுகிறது. ஆகவே கரி இங்கே எரிபொருளாகவும் இருக்கிறது, வேதிப்பொருளாகவும் இருக்கிறது.

சுத்தமான இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். அன்றைய சிறு உலைகளில் அவ்வளவு சூடு வராது. அதனால் இரும்பு உருகி ஓடாமல், கசடோடு சேர்ந்த ஒரு கடற்பஞ்சு மாதிரியான கட்டியாகக் கிடைக்கும். அதை மறுபடி மறுபடி காய்ச்சிச் சம்மட்டியால் அடித்துக் கசடை வெளியேற்றுவார்கள். அதற்கும் கரி வேண்டும். கொல்லன் கலப்பைக் கொழு அடிக்கவும், குதிரை லாடம் அடிக்கவும் கரி பயன்பட்டது. தாதிலிருந்து இரும்பு எடுக்க நிலக்கரியைப் பயன்படுத்தலாமே என்று கேட்கலாம். அதிலுள்ள கந்தகம் இரும்பில் கலந்து அதை நொறுங்கவைத்துவிடும். ஆகவே அந்தக் காலத்து இரும்பு ஒவ்வொன்றுக்கும் பின்னால் கரி, கரிக்குப் பின்னால் காடு.

அப்படியானால் காடு தீர்ந்து போயிருக்க வேண்டுமே? நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன்.

முருங்கை சொல்லும் பாடம்

நம் வீடுகளில் பின்பக்கம் முருங்கை மரம் இருக்கும். பாட்டி அதை வருடா வருடம் மொட்டையாக வெட்டச் சொல்வார். சின்ன வயதில் எனக்கு அழுகையே வரும். “முருங்கைய ஒடிச்சுத்தான் வளர்க்கணும்” என்பார். சில வாரத்தில் பார்த்தால் வெட்டிய இடத்தைச் சுற்றிப் பத்துத் துளிர் நிற்கும்.

இங்கிலாந்தின் ஹேசல், ஆஷ், ஓக் மரங்களும் இப்படித்தான். தரையோடு வெட்டினாலும் வேர் சாகாது. அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகக் கிளைகள் நேராக எழும்பும். இப்படி வெட்டி வெட்டி வளர்க்கும் காட்டை அவர்கள் காப்பிஸ் என்பார்கள். நான் இங்கே ‘மறுதுளிர்க் காடு’ என்று எழுதுகிறேன்.

இதில் ஓர் எளிய ஒழுங்கு இருந்தது. கிளைகள் தேவையான தடிமனுக்கு வர 15 வருடம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்டை 15 பாகமாகப் பிரிப்பார்கள். ஒரு வருடத்துக்கு ஒரு பாகம் மட்டும் வெட்டுவார்கள். பதினைந்தாவது பாகம் வெட்டி முடியும்போது முதல் பாகம் மறுபடி தயாராக நிற்கும். இடையிடையே சில ஓக் மரங்களை மட்டும் வெட்டாமல் நெடுமரமாக வளரவிடுவார்கள். அவை வீட்டு உத்தரத்துக்கும் கப்பலுக்கும். ஓக் பட்டை தோல் பதனிட. நேரான நீளக் கழிகள் வேலிக்கும் சுவர்த் தட்டிக்கும். சுள்ளிகள் அடுப்புக்கு. மிச்சமுள்ள கட்டை கரிக்கு. வீணாகப் போவது குறைவு.

சபோக் வட்டாரத்தில் பிராட்ஃபீல்டு காடு என்று ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் அது ஒரு பெரிய மடாலயத்துக்குச் சொந்தமாக இருந்தது. அங்கே 1252ஆம் ஆண்டு முதல் இந்த முறையில் வெட்டிவருகிறார்கள் என்பதற்குப் பதிவு உண்டு. எழுநூறு வருடத்துக்கு மேல் கோடாலி பட்ட காடு, இன்னும் காடாகவே நிற்கிறது. இதைப் படித்தபோது நான் வெண்பலகையில் எழுதிய அந்த வரி ஞாபகம் வந்தது.

ஒரு சின்னக் கணக்கு

இப்போ ஒரு கணக்குப் போடுவோம், பயப்படாதீங்க. எண்கள் தோராயமானவை. அளவு புரிந்தால் போதும்.

ஒரு கிலோ இரும்புக்கு 10 கிலோ கரி என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோ கரிக்கு 50 கிலோ விறகு. அப்படியானால் ஒரு டன் இரும்புக்கு 50 டன் விறகு. மறுதுளிர்க் காட்டில் ஓர் ஏக்கருக்கு வருடத்தில் ஒரு டன் விறகு வளர்கிறது என்று கொண்டால், வருடத்துக்கு ஒரு டன் இரும்பு எடுக்க 50 ஏக்கர் காடு வேண்டும். ஏறக்குறைய 28 காற்பந்துத் திடல்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த 50 ஏக்கரும் ‘செலவாகவில்லை’ என்பது. வங்கியில் போட்ட பணம் மாதிரி அது முதல். வருடா வருடம் வளர்வது வட்டி. வட்டியை மட்டும் எடுக்கும்வரை அந்த 50 ஏக்கர் தாத்தாவுக்கும் ஒரு டன் இரும்பு கொடுக்கும், பேரனுக்கும் கொடுக்கும். ஆசைப்பட்டு ஒரே வருடத்தில் இரண்டு டன் எடுத்தால், 15 வருடத்தில் வளர்ந்து நிற்க வேண்டிய பாகம் முன்கூட்டியே வெட்டுப்படும். கிளை மெலிந்திருக்கும், விறகு குறையும், அடுத்த சுற்று இன்னும் சீக்கிரம் வெட்ட வேண்டி வரும். கடன் அட்டைக் கதைதான்.

அவர்களை அடக்கிவைத்தது நல்ல மனசு மட்டும் இல்லை. கரி சீக்கிரம் நொறுங்கும் பொருள். கரடுமுரடான பாதையில் வெகுதூரம் கொண்டுபோனால் பாதி தூளாகிவிடும். அதனால் உலையைக் காட்டுக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டியிருந்தது. காடு தீர்ந்தால் உலையும் மூடப்படும் என்பது எல்லாருக்கும் கண்ணெதிரே தெரிந்தது. நமக்கோ, நாம் வாங்கும் பொருளின் காடு எந்த நாட்டில் இருக்கிறது என்றுகூடத் தெரிவதில்லை.

வெட்டிய பிறகு வேலி

இவ்வளவு நல்ல முறைக்கும் ஓர் எதிரி உண்டு. வெட்டிய கட்டையிலிருந்து வரும் இளந்துளிர் மாட்டுக்கும் மானுக்கும் விருந்து. இரண்டு வருடம் தொடர்ந்து கடித்துத் தின்றால் கட்டை செத்துப்போகும். ஆகவே மரத்தை வெட்டுவதைவிட, வெட்டிய பிறகு காப்பதே பெரிய வேலை. மண்மேடும் அகழியும் அமைத்து, மேட்டின்மேல் வேலி போட்டார்கள். பழைய காடுகளைச் சுற்றி அந்த மண்மேடுகளை இன்றும் பார்க்கலாம்.

அரச வேட்டைக்காடுகளில் இது சிக்கலானது. அங்கே மான் ராஜாவுக்குச் சொந்தம், அதைத் தடுத்து வேலி போடுவது குற்றமாகலாம். 1483இல் ஒரு சட்டம் வந்தது. அரசக் காட்டு எல்லைக்குள் தன் மரத்தை வெட்டியவர், துளிர் வளரும்வரை ஏழு வருடம் வேலி போட்டுக்கொள்ளலாம். மானைவிட ஒரு துளிருக்கு மதிப்புக் கொடுத்த சட்டம் என்று எனக்குத் தோன்றியது.

கரி சுடுபவரும் சட்டத்தில் வருகிறார். 1217இல், பத்து வயதுச் சிறுவனாக இருந்த மூன்றாம் ஹென்றி அரசரின் பெயரில் ‘காட்டுச் சாசனம்’ வெளியிடப்பட்டது. காட்டு வழியாகச் சரக்குக் கொண்டுபோகும் வியாபாரி வண்டிக்கு அரையாண்டுக்கு இரண்டு பென்னி வழிவரி கட்ட வேண்டும். ஆனால் சுள்ளி, மரப்பட்டை, கரி ஆகியவற்றை முதுகில் சுமந்து விற்றுப் பிழைப்பவர் வழிவரி கட்டத் தேவையில்லை, அரசரின் சொந்தக் காடுகளைத் தவிர. முகமெல்லாம் கரி பூசி, காட்டிலேயே கிடக்கும் அந்த மனிதர்களை ஊர்க்காரர்கள் பெரிதாக மதிக்கவில்லை. இருந்தும் அவர்கள் முதுகுச் சுமையை ஒரு சாசனம் நினைவில் வைத்திருக்கிறது.

அப்படியானால் காட்டை அழித்தது யார்?

எல்லாம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. 1086இல் எடுக்கப்பட்ட ‘டூம்ஸ்டே’ நிலக் கணக்கை வைத்து, காடுகளின் வரலாற்றை ஆராய்ந்த ஆலிவர் ரேக்கம் என்ற அறிஞர் அன்றைய இங்கிலாந்தில் காடு சுமார் 15 விழுக்காடுதான் என்று மதிப்பிட்டார். அடுத்த சில நூற்றாண்டுகளில் அது மேலும் குறைந்தது. பெரும்பாலும் காடு போனது வயலுக்கும் மேய்ச்சலுக்கும். வேரோடு பிடுங்கி உழுதுவிட்டால் துளிர்ப்பதற்கு எதுவும் இல்லை.

ரேக்கம் சொன்ன இன்னொன்று என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. கரியும் விறகும் தேவைப்பட்ட இடங்களில் காடு பெரும்பாலும் பிழைத்தது. காரணம், அங்கே காட்டுக்கு ஒரு மதிப்பு இருந்தது, திரும்பத் திரும்பத் தேவைப்பட்டது. தென்கிழக்கில் வீல்டு என்ற பகுதி இரும்புத் தொழிலுக்குப் பேர்போனது. இங்கிலாந்தின் முதல் ஊதுலைகளில் ஒன்று 1496இல் அங்கே நியூபிரிட்ஜ் என்ற இடத்தில் அமைந்தது. அத்தனை கரி எரித்த அந்தப் பகுதி இன்றைக்கும் அந்த நாட்டில் மரங்கள் அடர்ந்த பகுதிகளில் ஒன்று.

உலைகள் பெருகப் பெருக நெருக்கடியும் சண்டையும் வந்தன, சட்டங்களும் கடுமையாகின. 1709இல் ஆபிரகாம் டார்பி என்பவர் கோல்புரூக்டேலில் நிலக்கரியைச் சுட்டு எடுத்த கோக்கை வைத்து இரும்பு உருக்கிக் காட்டினார். அதோடு இரும்பு மெதுமெதுவாகக் காட்டை விட்டு விலகியது. காட்டுக்கு நிம்மதிதானே என்று தோன்றும். ஆனால் நிலக்கரி பல கோடி வருடம் மண்ணுக்குள் சேர்ந்த முதல். அதற்கு வட்டி கிடையாது. 15 வருடத்தில் திரும்பித் துளிர்க்காது. அதை எரித்த புகையின் கணக்கைத்தான் நம் தலைமுறை இப்போது கட்டிக்கொண்டிருக்கிறது.

கோலா செப்பெத்தாங்கில் ஒரு மதியம்

படித்ததை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. இங்கிலாந்துக்குப் போகக் காசில்லை. ஆனால் பேராக்கில் தைப்பிங்கிலிருந்து அரை மணி நேரத்தில் போய்ச் சேரும் கோலா செப்பெத்தாங்கில் இன்றும் கரி சுடுகிறார்கள். விடுதித் தோழிகள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே மண்ணும் செங்கல்லும் கொண்டு கட்டிய குவிமாடச் சூளைகள். இடைக்கால மூட்டத்தை நிரந்தரக் கட்டடமாக்கியது மாதிரி இருந்தன. ஒரு சூளையில் சுமார் 40 டன் பச்சை மரம் ஏற்றினால் 10 டன் அளவில் கரி கிடைக்கும். சுடுவதும் ஆறவிடுவதும் சேர்த்து ஏறக்குறைய ஒரு மாதம். காற்றில் புகையும் புளிப்பும் கலந்த வாசம். அங்கே வேலை செய்யும் ஒரு முதிய அங்கிள் சூளையின் புகை ஓட்டைக்குப் பக்கத்தில் நின்று மூக்கைச் சுளித்துப் பார்த்துவிட்டு, “இன்னும் ஆகலை” என்று மலாயில் சொன்னார். “எப்படித் தெரியும், அங்கிள்?” என்று கேட்டோம். மூக்கைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். 800 வருடத்துக்கு முன்பு காட்டுக்குள் புகையைப் பார்த்து நின்ற அந்த மனிதரும் இப்படித்தான் நின்றிருப்பார்.

மரம் வருவது மாத்தாங் சதுப்புநிலக் காட்டிலிருந்து. சுமார் 40,000 ஹெக்டர். 1900களின் தொடக்கத்திலிருந்து வனத்துறையின் திட்டப்படி நிர்வகிக்கப்படும் காடு. முக்கிய மரம் பாக்காவ் மின்யாக். இது முருங்கை மாதிரி இல்லை, அடியோடு வெட்டினால் துளிர்க்காது. அதனால் வெட்டிய இடத்தில் இயற்கையாக முளைக்காவிட்டால் நாற்று நட வேண்டும். சுற்று 30 வருடம். பதினைந்தாவது, இருபதாவது வருடங்களில் நெருக்கமான மரங்களைக் கழிப்பார்கள், அவை கம்பங்களாக விற்பனைக்குப் போகும். மரமும் வேறு, மண்ணும் வேறு. கணக்கு மட்டும் அதேதான்: வளர்ந்ததை எடு, எடுத்த இடத்துக்குத் திரும்பிப் போ.

திரும்பிப் போ என்ற இடத்தில்தான் எனக்குத் தொண்டை அடைத்தது.

நாங்கள் நட்ட கன்றுகள்

போன வருடம் எங்கள் குழு ஒரு கடற்கரையோரம் நூற்றுக்கும் மேற்பட்ட பாக்காவ் கன்றுகளை நட்டது. முழங்கால்வரை சேறு, ஒரே சிரிப்பு, நிறைய படங்கள். அந்தப் படத்தை நானும் போட்டேன். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

கோலா செப்பெத்தாங்கிலிருந்து வந்த அடுத்த வாரம் நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். அலை சாய்த்தது பாதி, பிளாஸ்டிக் குப்பை சுற்றி நெரித்தது மீதி. எண்ணிப் பார்த்ததில் 11 கன்றுகள் உயிரோடு நின்றன. ஒரு கன்றில் சுற்றியிருந்த நைலான் கயிற்றை அவிழ்த்துவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன். மரம் வெட்டியே பிழைத்த கரிக்காரர் வேலி போட்டு ஏழு வருடம் காத்தார். மரம் நட்டோம் என்று பெருமைப்பட்ட நாங்கள் ஏழு வாரம்கூடக் காக்கவில்லை.

போன ஞாயிறு வகுப்பில் அந்தப் பையனைக் கூப்பிட்டேன். “தம்பி, அன்னிக்கு அக்கா உனக்குத் தப்பான பதில் சொல்லிட்டேன். கரி, உயிரோட இருந்த மரத்தை வெட்டித்தான் செய்றாங்க” என்றேன்.

அவன் யோசித்தான். “அப்போ பாவம்தானே?”

“வெட்டினவங்க திரும்பி வந்து பார்த்துக்கிட்டாங்கன்னா அந்தக் காடு இருக்கும். பார்க்காம போயிட்டா, நட்ட மரம்கூடச் செத்துடும். அக்கா நட்டது செத்துடுச்சு” என்றேன்.

“எத்தனை?” என்று கேட்டான். சொன்னேன். “அப்போ அந்தப் பதினொண்ணைப் பார்த்துக்கணும்” என்று சொல்லிவிட்டு, தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை அந்த இடத்துக்குப் போகிறோம். புதிதாக நடப்போவதில்லை. குப்பை எடுக்கவும், கம்பு ஊன்றிக் கட்டவும், எண்ணி எழுதிவைக்கவும்தான். அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. வர விரும்புகிறவர்கள் வட்டாரப் பொறுப்பாளரிடம் பெயர் கொடுங்கள். பழைய காலணி கொண்டு வாருங்கள்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் வீட்டில் ஒரு வாரத்தில் பயன்படுத்தும் பொருள்களில் எவை ‘வட்டி’, எவை ‘முதல்’? ஐந்து பொருள்களைப் பட்டியலிட்டுக் காரணம் சொல்லுங்கள்.

2. 20 வருடச் சுற்றில் வெட்டும் ஒரு காடு 300 ஏக்கர் இருந்தால், ஒரு வருடத்தில் எத்தனை ஏக்கர் வெட்டலாம்? அதைவிட இரண்டு மடங்கு வெட்டினால் பத்து வருடத்தில் என்ன ஆகும்?

3. கரி சுடுபவர் காட்டுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தார். நாம் பயன்படுத்தும் பொருள் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் இருப்பது, நம் பழக்கத்தை எப்படி மாற்றுகிறது?

4. உங்கள் குழு கடந்த இரண்டு வருடத்தில் தொடங்கி, திரும்பிப் போய்ப் பார்க்காத ஒரு பணியைச் சொல்லுங்கள். இப்போது போனால் அங்கே என்ன மிஞ்சியிருக்கும்?